அய்யப்பன் யாரு?

இரண்டு மாதமாக அய்யப்பனின் இடது தோளிலிருந்து நெஞ்சுவரை வலி இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் மேஸ்திரி மூட்டையைத் தொட விடமாட்டார். திண்டிவனத்தில் நிலக்கடலை வந்து இறங்கும் அந்த மல்லாட்டை மண்டியை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

"அய்யப்பன் யாருங்க?" என்று பட்டியலோடு வந்தாள் ஆராய்ச்சி மாணவி பரிமளா. போன மாதம் நாற்பது வயது தாண்டிய சுமைக்காரர்களிடம் அவளுடைய ஆட்கள் ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள்.

"நான்தாங்க."

அவனைத் தனியே அழைத்தாள். "ரத்தத்துல மைக்ரோ ஆர்.என்.ஏன்னு ஒன்னு இருக்குதுங்க. இதயத் தசை அடிபட்டா அதுல சிலது கூடிடும். உங்களுக்கு ரொம்பக் கூடியிருக்குது. ஆராய்ச்சிதான், முடிவா சொல்ல முடியாது. ஆனா இனிமே மூட்டை தூக்காதீங்க. ஜல்தியா விழுப்புரம் போயி டாக்டரைப் பாருங்க."

அய்யப்பன் மேஸ்திரி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். "மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்கம்மா."

"சொல்லல. ஆனா நீங்க கண்டிப்பா போவணும்."

அவள் போனதும் கூட்டாளி சிகாமணி லாரியடியிலிருந்து கத்தினான். "இன்னாண்ணே சொல்லிச்சு அந்தப் பொண்ணு? பாஸா?"

"பாஸ்தான்டா."

"பின்ன, பாஸாவாம இருக்குமா! தோள் வலிய வச்சிக்கினு பேஜாரு பண்ணாத, குந்துண்ணே. உன் மூட்டையையும் நானே ஏத்தறேன்."

சிகாமணிக்கு முப்பத்தாறு வயது, காளை மாதிரி உடம்பு. தன் வலி தெரிந்துவிடக் கூடாதென்று, போன மாதம் தன் பெயரில் ரத்தம் எடுக்கும் ஊசிக்குக் கை நீட்ட அய்யப்பன் அவனைத்தான் அனுப்பியிருந்தான். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்குமே மண்டியில் இடமில்லை.

சிகாமணி அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான். 'அது உன் ரத்தம்டா' என்ற ஒரு வார்த்தையை அய்யப்பன் அவனுக்கு இன்னும் பாக்கி வைத்திருந்தான்.