படத்தில் ஒரு தப்பு

"எழுந்து போறாரு பாரு! பெத்த பொண்ணு எடுத்த படம். முழுசா உட்கார்ந்து பார்க்க மனசு வரலை."

பின்வரிசைக்காரர் சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

திரும்பினாள். காக்கிச் சட்டையோடு அப்பா கதவைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக டேங்கர் லாரி ஓட்டுகிறவர் அவர். மகளோ, அதே கம்பெனி ஏரியைப் பாழாக்கியதை இரண்டு வருஷம் அலைந்து ஆவணப்படமாக எடுத்திருந்தாள். வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

கம்பெனி இன்னும் ஆறு எண்ணெய்க் கிணறுகள் தோண்டலாமா, கூடாதா? இன்றைக்குத்தான் அரசு விசாரணை. ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அவள் படத்தைப் போட விசாரணை அதிகாரி சம்மதித்திருந்தார்.

திரையில் ஏரி. தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு படலம். கரையோரம் செத்து ஒதுங்கிய மீன்கள். குடத்துத் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் கீழே கொட்டும் பெண்கள்.

படம் முடிந்ததும் கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது. கம்பெனி வக்கீல் மட்டும் அசரவில்லை.

"படம் பிரமாதம். எனக்கே கண் கலங்கிடுச்சு. ஆனா, 'யாரோ கழிவுநீரைக் கொட்டினாங்க'ன்னு வருதே, யாரு அது? எங்க லாரிதான்னு சொல்ல ஒரே ஒரு ஆளைக் காட்டட்டும்."

அவள் யாரைக் காட்டுவாள்? டிரைவர்கள் ஒவ்வொருவரிடமும் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும்தான்.

"சாட்சி இல்லேன்னா நான் அனுமதி கொடுத்துதான் ஆகணும்மா," என்றார் அதிகாரி சங்கடத்தோடு. "அரை மணி நேரம் டைம் தர்றேன்."

அம்மா அவள் கையைப் பிடித்தாள். "அப்பாவைத் தப்பா நினைக்காதடி."

"இனிமே நினைக்க என்னம்மா இருக்கு?"

அரை மணி ஓடிப்போனது. அதிகாரி பேனாவைத் திறக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

அப்பா! அவர் பின்னால் காக்கிச் சட்டையில் பதினோரு பேர்.

"ஐயா, என் பொண்ணு எடுத்த படத்துல ஒரு தப்பு இருக்கு."

வக்கீல் துள்ளி எழுந்தார். "கேட்டுக்கோங்க சார்! பெத்த அப்பாவே சொல்றாரு!"

அவளுக்கு நிமிர்ந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

"யாரோ கொட்டினாங்கன்னு வருது. யாரோ இல்லீங்க, நாங்கதான். எந்தத் தேதி, எத்தனை லோடு, கொட்டச் சொன்னது யாரு, எல்லாம் இந்த டிரிப் ஷீட்டுல இருக்கு. நான் மட்டும் சொன்னா மகளுக்காகப் பொய் சொல்றான்னு தள்ளிடுவீங்க. அதான் லாரி ஷெட்டுக்குப் போய் இவங்களையும் கூட்டிட்டு வந்தேன்."

பதினோரு கைகள் உயர்ந்தன.

வக்கீல் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றே அறிவித்தார்: "புதுக் கிணறுகளுக்கு அனுமதி இல்லை. பழைய கிணறுகளையும் இன்னைக்கே மூடணும்."

விசில் பறந்தது. ஊரே டிரைவர்களைத் தோளில் தூக்கப் போட்டி போட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். அழுகையா, சிரிப்பா, அவளுக்கே தெரியவில்லை.

"வேலை போயிடுமேப்பா! உங்க மேலயும் கேஸ் போடுவாங்களே!"

"போடட்டும். நான் செஞ்சதுதானே?" அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ கேமராவை எடுத்துக்கிட்டு வா. நாங்க கொட்டினதுல உன் கண்ணுல படாத இடம் இன்னும் மூணு இருக்கு, காட்டறேன்."