முதலாளியின் அழுகை

செயலி மறுபடியும் உறைந்து நின்றது.

உட்கார்ந்ததுமே அவள் பிழையைப் பிடித்துவிட்டாள். தொட்டில் பக்கத்தில் போனை வைத்தால் போதும், திரை அணைந்த பிறகும் அது காது கொடுத்துக்கொண்டே இருக்கும். குழந்தை அழுதால் அடுத்த அறையில் இருக்கும் அம்மாவின் போனுக்குச் செய்தி போகும். அவள் எழுதிய செயலிதான்.

அவள் விடுப்பில் போனதும் பொறுப்பேற்றவர், பின்னணியில் ஓடும் நிரலுக்கு சர்வீஸ் என்று பெயர் வைத்தாலே அது தானாகத் தனி த்ரெட்டில், தனி ஆளிடம் கொடுத்த வேலை போல, ஓடிவிடும் என்று நம்பிவிட்டார். எங்கே ஓடும்? திரையை வரைகிற வேலையையும் அழுகையைக் கேட்கிற வேலையையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் அவன் திணறி நிற்கத்தான் செய்வான்.

கேட்கிற வேலையைப் பிரித்துத் தனி த்ரெட்டில் போட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

மகப்பேறு விடுப்பு பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு திரிகிற மேனேஜரே அவசரமில்லை என்றுதான் சொன்னார். காலையில் கணவன் வாசல்வரை வந்து, அந்தச் சத்தம் கேட்கிற இடத்துக்கே போகணுமா என்று கேட்டான். தனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஆகவும் இல்லை. ஊசி போட்டு மரத்த பல்லைப் போல மதியம்வரை ஓட்டிவிட்டாள்.

இனி சோதனைதான் பாக்கி. அதற்கென்றே ஓர் அழுகைப் பதிவு உண்டு, யார் வீட்டுப் பிள்ளையோ. அவன் வாயைத் திறந்தால் அலுவலகமே அலறியடித்துக்கொண்டு ஓடும். முதலாளி என்று அவனுக்குப் பெயர் வைத்தவளே அவள்தான்.

சோதனை செய்கிற பெண் ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

“அக்கா, நான் வேற ரூம்ல வச்சுப் பாத்துக்கட்டுமா?”

“இங்கயே போடு.”

முதலாளி அழுதான். திரை அணைந்த போன் கேட்டது, உறையவில்லை. அவள் உள்ளங்கையில் இருந்த போன் அதிர்ந்தது: குழந்தை அழுகிறது.

அந்தப் பெண் அப்பாடா என்றாள். சொன்ன கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவளுக்கு எதுவும் தோன்றவில்லை. நல்லவேளை என்று நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று கணவனுக்கு எழுதத் தொடங்கினாள்.

அப்போதுதான் மார்பில் ஈரம் தெரிந்தது. சட்டையின் இரண்டு பக்கமும் நனைந்து பரவிக்கொண்டிருந்தது.

பால் ஒரு வாரத்தில் வற்றிவிடும் என்று சொல்லி, மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பினார்கள், அவளையும் அவள் கணவனையும் மட்டும்.