கூப்பிய கை

துணியை இழுத்ததும் கைதட்டல் எழுந்தது.

அவள் சிலையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிச்சம்மாளைப் பார்த்தாள்.

சிலையாகி நிற்பவரின் மனைவி பிச்சம்மாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த இவள், சிலையைச் செய்தவள்.

பிச்சம்மாளின் கண் முகத்தில் தொடங்கியது. தோளுக்கு இறங்கியது. கையில் வந்து நின்றது.

வெண்கல வேலாண்டி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

உப்பளத் தொழிலாளர் சங்கத்தை இருபது வருடம் நடத்தியவர் வேலாண்டி. கூலி உயர்வு கேட்டு இருந்த உண்ணாவிரதத்தில் உயிர் போனது. வீட்டில் இருந்தது ஒரே புகைப்படம். அதுவும் கழுத்துக்கு மேல்.

ஆள் எப்படி நிற்பார் என்று இவள் கேட்டபோது பிச்சம்மாள் சிற்பப் பட்டறையின் நடுவில் நின்று காட்டினாள். வலது கையை இடுப்பில் ஊன்றி, நாடியை லேசாகத் தூக்கி.

"மொதலாளி வந்தாலும் இப்படித்தான் நிப்பாக."

சொல்லிவிட்டு, வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

களிமண்ணில் அப்படியே வந்தார் வேலாண்டி. பிச்சம்மாள் இன்னொரு தடவை வந்தாள். ஈரம் காயாத தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுவாரம் சிலைக் கமிட்டித் தலைவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சண்டைக்கு நிக்க மாதிரி இருக்கே மேடம். மந்திரி வந்து தெறக்கப் போற சிலை. கும்பிடுத மாதிரி மாத்திருங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பத்தொன்பது ஊர்களின் நாற்சந்திகளில் அவள் செய்த ஆட்கள் நிற்கிறார்கள். இருபதாவது கைவிட்டுப் போயிருந்தால் அவள் ஒன்றும் பட்டினி கிடந்திருக்கமாட்டாள்.

இரண்டு தோளிலும் களிமண்ணை அறுத்தாள். உள்கம்பியை வளைத்தாள். கைகளைப் புதிதாகப் பிடித்துவைத்தாள்.

ஒரு நாள் வேலை.

பிச்சம்மாளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

மந்திரியின் கார் கிளம்பியது. கூட்டம் கலைந்தது. அவளாகவே போய்ப் பிச்சம்மாளின் எதிரில் நின்றாள். சொல்ல வேண்டியதை நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.



பிச்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"மொகம் அப்படியே அவுகதான், தாயி."

அவளுடைய கையைப் பிடித்து, புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அழும் பிள்ளையைத் தேற்றுவதுபோல.

"விடுங்க. ஒங்களையும் என்னமும் சொல்லியிருப்பாக."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பிச்சம்மாள் மடியிலிருந்து ஒரு முழம் பிச்சிப்பூவை எடுத்தாள். பீடத்தின் முன்னால் மாலைகள் குவிந்து கிடந்தன. இன்னும் போகாத புகைப்படக்காரர்கள் விலகி வழிவிட்டு, கேமராவைத் தூக்கினார்கள்.

பிச்சம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை. பீடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். சாக்கடையை ஒட்டி ஒடுக்கமான இடம். பூவை அங்கே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

அங்கிருந்து பார்த்தால் வேலாண்டியின் முதுகு மட்டும்தான் தெரியும்; கை தெரியாது.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடம் இருந்தது.

சிலை செய்தவளுக்குக் கால் எழவில்லை.