செவ்வாய்க்கிழமைத் தயிர்

கம்பிக் கதவுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து ஸ்ட்ராடோஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாரத்துக்கு ஒரு அழைப்புதான் வரும். அது செவ்வாய்க்கிழமை வரும்.

உள்ளே அவனோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தி சுவரில் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். இன்னொருவன் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"விடுடா லாம்ப்ரோஸ். கதவு கையோட வந்துடும்."

இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டரை வயது. சமையலறைக்குள் ஓடாமலிருக்க அந்தத் தடுப்புக் கதவைக் கூடத்து வாசலில் மாட்டியவன் அவனேதான்.

அவன் மனைவி ஈரினி போன அக்டோபரில் இறந்தாள். லாரிசாவிலிருந்து அக்கா ஆர்கிரோ வந்து பத்து நாள் உடனிருந்தாள். கிளம்பும்போது மளிகைக் கடையில் ஈரினி வைத்திருந்த ஆன்லைன் கணக்கை அவன் போனில் திறந்து கொடுத்தாள்.

"ரெண்டையும் இழுத்துக்கிட்டு கடை கடையா அலைவியா? பேசாம இதுல சொல்லிடு, வாசல்ல வந்து இறங்கிடும். அரை நாள் மிச்சம்டா உனக்கு."

அக்கா சொன்னது உண்மைதான். பால், டயாப்பர், உருளைக்கிழங்கு எல்லாம் வாசலுக்கு வந்தன. கடைத் தரையில் புரண்டு அழும் பிள்ளையை யார் முன்னாலும் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் வேலையும் லேப்டாப்பில் முடிந்துவிடும்.

மிச்சமான அரை நாள் எங்கே போனது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. குப்பை கொட்டுவதற்குத் தவிர அவன் தெருவில் இறங்குவதே இல்லை.

போன் அடித்தது.

"வணக்கம் சார், கடையிலேர்ந்து ஃபோட்டினி. எருமைத் தயிர் இன்னிக்கும் இல்ல."

"இன்னிக்குமா? என்னங்க கடை இது?"

"எருமைகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்."

ஃபோட்டினி கடைக்குள் கூடையோடு நடந்து, வீட்டிலிருந்து ஆர்டர் செய்பவர்களுக்குப் பொருள் எடுத்து வைப்பவள். ஒரு பொருள் இல்லையென்றால், பதிலுக்கு என்ன வைப்பது என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அது கடையின் வழக்கம்.

"செம்மறித் தயிர் வைக்கட்டுமா?"

"ரொம்பக் கொழுப்பு."

"வெள்ளாட்டுத் தயிர்?"

"வாடை."

"தெசலோனிகி முழுக்கத் தேடினாலும் உங்கள மாதிரி ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்க சார். யாரு அழறது, லாம்ப்ரோஸா?"

"மிர்த்தோ. சுவத்துல கிறுக்கினா. க்ரேயானைப் பிடுங்கிட்டேன்."

"திருப்பிக் குடுங்க பாவம். உங்க சுவர்தானே?"

"வாடகை வீடு."

"அப்ப கண்டிப்பா குடுங்க."

ஸ்ட்ராடோஸின் உதடு ஒரு பக்கம் லேசாக இழுபட்டது. அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. க்ரேயானைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்த வீட்டில் யாரும் எருமைத் தயிர் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டவள் ஈரினி. அவளுடைய பழைய பட்டியலில் அது இருந்தது, நீக்க அவனுக்குக் கை வரவில்லை. அவன் ஆர்டர் செய்த முதல் வாரம், தயிர் தீர்ந்துவிட்டது என்று இந்தக் குரல் கூப்பிட்டது. அதற்குப் பிறகு அவன் அதை நீக்க நினைக்கவே இல்லை.

என்றைக்காவது தயிர் வந்து சேர்ந்துவிடுமோ என்பதுதான் அவனுடைய பயம்.

போன வாரம் அது நடந்தேவிட்டது என்று நினைத்தான். மேல்மாடி செவாஸ்தியின் பையை டெலிவரி ஆள் மாற்றி இவன் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதே கடைப் பை. மேலாக மண் குடுவையில் எருமைத் தயிர். கடைசிக் குடுவையாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மேலே கொண்டுபோய்க் கொடுத்தான்.

"சார், ஒண்ணு சொல்லணும்." ஃபோட்டினியின் குரல் இறங்கியது. "அடுத்த வாரத்திலேர்ந்து நாங்க கூப்பிட மாட்டோம். ஒண்ணு இல்லைன்னா பதிலுக்கு எது வைக்கணும்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணிடும். குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு இன்னும் நேரம் மிச்சம்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"மிச்சம்" என்றான் ஸ்ட்ராடோஸ்.

வெளியே பால்கனியின் துணிப் பந்தல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. லாம்ப்ரோஸ் மறுபடியும் கம்பியை உலுக்கத் தொடங்கினான்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். எங்க போறது?"

அவளுக்குப் பின்னால் ஒரு ஆண்குரல் கேட்டது. "ஃபோட்டினி, தயிர் அடுக்குகிட்டயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"இதோ வந்துட்டேன்" என்று அவள் திரும்பிச் சொல்வது கேட்டது. "அப்ப போனை வச்சிடட்டுமா சார்?"

அவள் வைத்துவிட்டால் அதோடு முடிந்தது.

"ஃபோட்டினி, எங்க வீட்ல யாரும் எருமைத் தயிர் சாப்பிடறதில்ல."

அவள் கூடையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டவ அக்டோபர்ல செத்துட்டா. இல்லைன்னு சொல்ல நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் வாரா வாரம் கேட்டுக்கிட்டிருந்தேன்."

மறுமுனையில் குளிர்பெட்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாள் என்று நினைத்துக் காதிலிருந்து போனை எடுக்கப் போனான்.

"தயிர் அந்த முதல் வாரம் மட்டும்தான் தீர்ந்திருந்துச்சு, ஸ்ட்ராடோஸ்."