சம்மதப் பக்கம்

ஒரு புதிய செயலியின் சம்மதப் பக்கத்தை ஜனங்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக ஜெசிந்தாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு வக்கீல், ஒரு உளவியலாளர், பக்கத்தை வடிவமைத்த இளைஞன். வழக்கமாக எல்லோரும் படிக்காமலேதான் ‘சரி’யை அழுத்துவார்கள். அவள், வீட்டில் எழும் ஒலிகளைப் பதிவுசெய்ய அனுமதி கேட்ட கடைசி வரி வரை படித்துவிட்டு ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டாள்.

வக்கீல் வாக்கியங்களைச் சுருக்கிக் கொடுத்தார். வேண்டாம். உளவியலாளர் ‘நீங்கள்’ என்று இருந்ததையெல்லாம் ‘நாம்’ ஆக்கினார். அதற்கும் வேண்டாம். இளைஞன் ‘சரி’க்குப் பச்சை பூசி, ‘வேண்டாம்’ என்பதை மங்கலாக்கி ஒரு மூலையில் ஒளித்தான். அவள் அதையும் தேடிப் பிடித்தாள்.

“என் வீட்டுச் சத்தமெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?”

அப்போது வெளியே தங்கையின் மடியில் கைக்குழந்தை வீறிட்டது. ஜெசிந்தாவுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் அதே பக்கம் ஒளிர்ந்தது.

“கதவைத் திறங்க சார், புள்ள பசிக்கு அழுவுது!”

“நாங்க பூட்டலைம்மா,” என்றார் வக்கீல், உண்மையான வருத்தத்தோடு. “அது உங்க கையிலதான் இருக்கு.”

மங்கலான எழுத்தைத் தேடினாள். அழுகை தேடவிடவில்லை. பச்சையைத் தொட்டாள்.

வெளியே வந்து பிள்ளையை மாரோடு சேர்த்து அமர்த்திய பிறகும் அழுகை ஓயவில்லை. அது அறைக்குள்ளிருந்து வந்தது. மூவரும் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த ஆளுக்கு இதையே போடலாம்,” என்றார் உளவியலாளர்.

குழந்தை காம்பை விட்டுவிட்டு, தன் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.