பாலத்தடிப் பொங்கல்

"வியாழக்கிழமை பொங்கல். வாறியளோ எண்டு கேட்டனான்."

இராசலிங்கம் கேட்பது இது மூன்றாவது முறை. மகன் ஐங்கரன் படகின் கூரை தலையில் இடிபடாமல் குனிந்திருந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தான்.

"வியாழன் எனக்கு வேலை அப்பா. நினைச்ச உடன லீவு எடுக்க ஏலாது."

"பொங்கல் ஞாயிற்றுக்கிழமை பாத்தோ வரும்?"

சரக்குப் படகுகளில் இருபத்தாறு வருடம் கயிறு இழுத்த மனுசன் அவர். மனைவி சிவகௌரி கண்ணை மூடியதும் ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மின்டன் கால்வாயில் ஒரு பழைய படகை வாங்கிக் குடியேறிவிட்டார். "தண்ணியில கிடந்து விறைக்காமல் எங்களோட வந்து இருங்கோ" என்று ஐங்கரன் சொல்லிப் பார்த்தான். இவரா கேட்பார்? அன்றிலிருந்து அவன் வருவதும் குறைந்தது. போன முறை வந்தவன் உள்ளே இறங்கவே இல்லை. கரையில் நின்றபடியே மருந்துப் பையை நீட்டி, "சூஸ் அப்பா" என்று ஜேர்மன் மொழியில் விடைபெற்றுப் போய்விட்டான்.

இன்று உள்ளே வந்து இருந்ததே பெரிய காரியம். மருமகள் கஜந்தி வரவில்லை. படகு கட்டியிருந்த பாலத்தடியில் காருக்குள் இருந்தாள். பேத்தி நித்திரையாம்.

"அவளுக்குத் தண்ணியெண்டால் பயம் அப்பா. பிள்ளை விழுந்திடும் எண்டு யோசிக்கிறாள்."

"அதுக்குத்தான் இதை வாங்கினனான்."

அலுமாரியைத் திறந்து, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி உயிர்காப்புச் சட்டையை எடுத்துக் காட்டினார். நாலு வயதுப் பிள்ளைக்கு அளவானது. விலைத் துண்டுகூட அறுக்கவில்லை.

"எல்லாம் வாங்கி வைச்சிட்டன். பச்சையரிசி, பயறு, சக்கரை, பிளம்ஸ், கஜு. கொம்மாவின்ர பானையும் கிடக்கு. நீங்கள் வந்து பக்கத்தில நிண்டால் காணும்."

ஐங்கரன் சட்டையை வாங்கி, அதன் வாரை இழுத்துப் பார்த்தான். கைபேசியை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினான். யாருடனோ பேசும் சத்தம் வந்தது. ஹீற்றர் இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. காருக்குள் இருப்பவள் அவசரப்படுத்துகிறாளாக்கும் என்று இராசலிங்கம் நினைத்துக்கொண்டார்.

இரண்டு நிமிடத்தில் படிக்கட்டில் அவன் தலை தெரிந்தது.

"சரி அப்பா, வாறம்."

"ஓம், போயிட்டு வா."

பலகையில் காலடிச் சத்தம் தடதடத்து ஓய்ந்தது. கார் போன பிறகும் இராசலிங்கம் கதிரையை விட்டு எழும்பவில்லை. மூன்று முறை கேட்டும் பிடிகொடுக்காமல் போகிறானே என்று இருந்தது அவருக்கு. உயிர்காப்புச் சட்டையை மடித்து, திரும்பவும் அலுமாரிக்குள் வைத்தார்.

புதன்கிழமை, பக்கத்துப் படகில் தனியாக வசிக்கும் டொறத்தி வந்து கதவைத் தட்டினாள். அவளோடு இவருக்கு டொச் மொழியில்தான் பேச்சு.

"லிங்கம், வெள்ளிக்கிழமை கால்வாய் உறைந்துவிடுமாம். நாளை விடியவே நான் குளிர்காலத் துறைக்குப் போகிறேன். நீயும் வருகிறாயா? இல்லை, மகன் வருவான் என்று இங்கேயே நிற்கப் போகிறாயா?"

"அவன் வரவில்லை."

"கேட்டுப் பார்த்தாயா?"

"கேட்டேன். மூன்று முறை."

நாலாவது முறை போனில் கேட்டிருக்கலாம்தான். அன்றைக்குப் பின்னேரம் விரல் மகனின் பெயர்வரைக்கும் போனது. பெற்ற பிள்ளையிடம் கெஞ்சிக் கூத்தாடியா ஒரு பொங்கல் என்று ரோசம் வந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

வியாழன் இருட்டோடு படகின் கயிற்றை அவிழ்த்தார். முன்னால் டொறத்தியின் விளக்கு போய்க்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு, கால்வாயின் நேர் எதிரே சூரியன் எழும்பியது. "பொங்கிப்போட்டு வாறன்" என்று அவளுக்குச் செய்தி அனுப்பாமல், பொங்கல் என்றால் அவளுக்கு என்ன விளங்கும் என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு, படகைக் கரையோரம் கட்டினார்.

மேல்தளத்தில் மாவால் ஒரு கோலம் போட்டார். காஸ் அடுப்பில் சிவகௌரியின் பானையை ஏற்றினார். நாலு சுண்டு அரிசி போடுவதாக இருந்த பானையில் ஒரு பிடி அரிசி. அதற்கேற்ற பால். அவ்வளவு பெரிய பானையில் அது எங்கே பொங்கி வழிவது? பாதிவரைக்கும் எழும்பிப் பார்த்துவிட்டு அடங்கிப்போனது. இராசலிங்கத்துக்கு அழுகை வந்தது. அழுதார். யார் பார்க்கப் போகிறார்கள்?

போன் அடித்தது.

"அப்பா, எங்க நிக்கிறியள்? போட்டைக் காணேல்லை."

"நீ எங்க நிக்கிறாய்?"

"பாலத்தடியில. கஜந்தியும் பிள்ளையும் என்னோட குளிருக்க நிக்கினம். அப்பப்பா வாங்கின சட்டையைப் போடவேணும் எண்டு பிள்ளை விடிய நாலு மணியிலயிருந்து நித்திரை கொள்ளேல்லை."

இராசலிங்கம் பானையைப் பார்த்தார். கால்வாயைப் பார்த்தார். படகைத் திருப்பினாலும் பாலத்தடிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

"வருவம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி."

"சொன்னனான்தானே அப்பா. மேல போய் ஷிஃப்ட் மாத்தித் தரச்சொல்லிக் கேட்டுப்போட்டு வந்து, 'சரி அப்பா, வாறம்' எண்டு சொன்னனான். நீங்களும் 'ஓம், போயிட்டு வா' எண்டு சொன்னனீங்கள்."