கயிற்றின் மேல்முனை

மாடு மறுபடி வளர்ந்திருந்தது.

செங்கல்பட்டில் புறப்பட்டபோது அது கன்றுக்குட்டி. விழுப்புரத்தில் காபி குடித்த இடத்தில் கிடேரியானது. திருச்சி தாண்டியதும் பசு. இப்போது வள்ளியூர் டீக்கடையில், எத்திராஜின் வாயில், நிறைமாதச் சினை.

கிணறும் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு ஊர் பத்தடி இறங்கிக்கொண்டே வந்தது.

எத்திராஜ் பக்கம் திரும்பாமல், அவன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடை வாசலில் எட்டு மோட்டார் சைக்கிள்கள், மூக்கைச் சாலைப் பக்கம் நீட்டியபடி வரிசையாக நின்றன. தீயணைப்பு நிலையத்தில் வண்டியை அப்படித்தான் நிறுத்துவார்கள். மணி அடித்த பிறகு திருப்பிக்கொண்டிருக்க முடியாது. கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்கப் போகிறவர்களை எந்த மணி கூப்பிடப் போகிறது என்று எட்டுப் பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

சுற்றுலா என்றும் சொல்லக் கூடாது. விழிப்புணர்வுப் பயணம்.

கொடியசைக்க வந்த அதிகாரி, தீயின் தீமைகளை விரிவாக எடுத்துரைத்தார். வெயிலில் நின்ற இருவர் மயங்கிச் சாய்ந்த பிறகே கொடி அசைந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன். முதுகு முழுக்கக் கொழுந்துவிட்டு எரியும் தீ. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அணைத்துக்கொண்டிருப்பவர்கள், ஆசைப்பட்டு அச்சடித்துப் போட்டுக்கொண்டது.

முதலில் போக வேண்டியவன் அவன்தான். நிலையத்தில் அவனே மூத்தவன். ஆனால் அதிகாரி கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தில் தேடி, அந்தக் கன்னுக்குட்டித் தம்பி முன்னால் வரட்டும் என்றார்.

தணிகைவேல் முன்னால் வந்தான்.

அங்கிருந்து வள்ளியூர்வரை அவன் தணிகைவேலின் முதுகில் எரிந்த தீயைப் பார்த்துக்கொண்டே வந்தான். எரிந்தது அங்கே மட்டுமில்லை.

கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தணிகைவேல் கிணற்றிலிருந்து மேலே வரும் வீடியோவை மாவட்டமே பார்த்திருந்தது. அவனும் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். இடது ஓரத்தில் ஒரு முழங்கை வந்து போகும். அது அவனுடையது. கன்றையும் தணிகைவேலையும் சேர்த்து இழுத்த கை.

மனைவியிடம் காட்டினான். எங்கே என்று கேட்டாள். நிறுத்திக் காட்டினான்.

"ஆமா, கை" என்றாள்.

தணிகைவேலைக் குறை சொல்லவும் வழியில்லை. அதுதான் இன்னும் கொடுமை. அவன் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னவன் இல்லை. சொல்வதெல்லாம் எத்திராஜ். நிலையத்தில் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன், வாய் அதைவிட வேகமாக ஓடும். அவன் அளக்கும்போது தணிகைவேல் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பான். அந்த அடக்கத்தையும் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மேலூரில் ஒரு குடும்பம் தணிகைவேலைச் சுற்றி நின்றுகொண்டு, படம் எடுக்கச் சொல்லி போனை இவன் கையில் கொடுத்தது. தணிகைவேலின் தலை படத்தில் விழாதபடி பார்த்து எடுத்தான். வாங்கிப் பார்த்துவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள்.

அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கதையில் ஒரு வரி. மேலே ஒருத்தர் கயிறு பிடித்தார் என்று ஒரே ஒரு வரி. எத்திராஜ் சொல்லும் கதையில் தணிகைவேல் தானாக இறங்கினான், தானாக ஏறினான்.

மாடு வளர்வதில்கூட அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கன்று என்றால் தோளில் போட்டுக்கொள்ளலாம். சினைமாட்டை யார் தூக்கியது என்று எங்காவது, யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும்?

ஒருவரும் கேட்கவில்லை.

கதை முடிந்ததும் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். தணிகைவேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தணிகைவேலுக்குக் கூச்சமாகிவிட்டது. கையை உருவிக்கொண்டு, பயணம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"நான் என்னண்ணே பண்ணேன். மேலருந்து இழுத்தது இவருதான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்படியா என்றார். பிறகு தணிகைவேலின் பக்கமே திரும்பிக்கொண்டார்.

"கெணத்துக்குள்ள பாம்பு கீம்பு கெடந்துச்சா தம்பி?"

இல்லை என்று தணிகைவேல் தலையாட்டினான். கடைக்காரரின் முகம் வாடியது. கூட்டத்தில் இரண்டு பேர் பேப்பரை விரித்தார்கள்.

"இருந்துச்சு" என்றான் அவன்.

பேப்பர் மடங்கியது.

"ரெண்டு. நான் மேலருந்து பாத்துட்டேன். சொன்னா பயந்துருவானேன்னு சொல்லல."

கயிறு பிடிக்கிறவன் கிணற்றுக்குள் பார்ப்பதில்லை. பார்க்க முடியாது. கிணற்றுச் சுவரில் காலை உதைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, ஆகாயத்தைப் பார்த்துத்தான் இழுக்க வேண்டும். எட்டிப் பார்த்தால் அவனும் உள்ளே போய்விடுவான். வேலைக்கு வந்ததும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

பனியன் போட்ட எட்டுப் பேருக்கும் அது தெரியும்.

எத்திராஜ் டீயை ஊதிக் குடித்தான். ஒருவன் சாலையில் போன லாரியைப் பார்த்தான். தணிகைவேல் மட்டும் அவனை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சிரித்தான்.

பாம்புகளோடு சேர்த்து தணிகைவேல் இன்னும் ஒரு சுற்றுப் பெரியவனாகிவிட்டான் என்பது உறைக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமானது. அதற்குள் யாரோ ஸ்டூலைக் கூட்டத்தின் நடுவில் இழுத்துப்போட்டு அவனை உட்காரவைத்திருந்தார்கள்.

கடைக்காரர் குனிந்து அவன் முகத்துக்கு நேராக வந்தார்.

"அப்பொ நீங்க என்ன செஞ்சிய அண்ணாச்சி?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

சொல்வதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.